வசேமதாவை எந்தக் கப்பலில் ஏற்றுவது

வுனிமோலி கிராமத்துப் போதகர் ஜெபம் சொல்லும்போது கண்ணை மூடாமல் உட்கார்ந்திருக்கிற ஒரே ஆள் நர்ஸ் உலமிலாதான். எல்லாரும் தலை குனிந்திருக்கும் அந்த மூன்று நான்கு நிமிடத்தில்தான் பெண்களின் உதட்டு நிறத்தையும் நகக்கண்ணையும் ஆற அமரப் பார்க்க முடியும் என்பது அவள் எண்ணம். ஆராதனை முடிந்து கூட்டம் வெளியே வரும்போது யாராவது ஒருத்தியின் முழங்கையைப் பிடித்து நிறுத்துவாள். "நாளைக்குக் காலைல வந்து ரத்தம் பாத்துட்டுப் போ. உதடு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடக்கு."

போதகர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார். "சிஸ்டர், கர்த்தர் சந்நிதியிலயாவது கண்ணை மூடக் கூடாதா?"

"நீங்க எல்லாரும் மூடிக்கிட்டீங்க ஐயா. ஒருத்தியாவது முழிச்சிருக்க வேண்டாமா?"

அதற்குமேல் போதகர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவருடைய மனைவிக்கு ரத்தசோகை என்று கண்டுபிடித்துச் சொன்னதும் இப்படியொரு ஜெபத்தின் நடுவில்தான்.

உலமிலா ரேவா ஆற்று முகத்துவாரத்துக்காரி. சேற்று நண்டு பிடித்துச் சந்தையில் விற்கிற குடும்பம். நர்ஸ் படிப்பு முடித்து, பிரசவம் பார்க்கத் தனிப் பயிற்சியும் முடித்து, நசேவு தீவுக்காரன் வைசாகேயைக் கட்டிக்கொண்டு அந்தத் தீவின் வுனிமோலிக்கு வந்தாள். வைசாகே பள்ளிக்கூட வாத்தியார். கோயில் பாட்டுக்குழுவை நடத்துகிறவன். அதிர்ந்து பேசத் தெரியாதவன். அவனுக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அவன் சித்தப்பா மகன் அபிசாய் இருந்தான். கல்யாணத்தன்றே அபிசாய் அவளுக்குச் "சேத்து நண்டு மதினி" என்று பெயர் வைத்துவிட்டான். இருபது வருஷமாகியும் அந்தப் பெயர் போகவில்லை.

தீவில் ஐந்து ஊர்கள், ஆயிரத்துச் சொச்சம் ஜனம், ஒரே ஒரு நர்ஸ். பக்கத்துப் பெரிய தீவில் சின்ன ஆஸ்பத்திரி உண்டு. கடல் சும்மா இருந்தால் ஃபைபர் படகில் மூன்று மணி நேரம். அங்கே டாக்டர் இருக்கிறார். ஆனால் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுக்க வசதி கிடையாது, ஏற்றுவதற்கு ரத்தமும் கிடையாது. அதற்கெல்லாம் தலைநகரமான சூவாவுக்குத்தான் போக வேண்டும். கப்பல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். பதினான்கு மணி நேரப் பயணம்.

உலமிலா வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம் கராலைனி என்று ஒருத்திக்கு ஆறாம் மாதம் ரத்தம் பட்டது. வலி இல்லை. நல்ல சிவப்பு. அரை மணி நேரத்தில் தானாக நின்றுவிட்டது. கருப்பையில் பிள்ளைக்கு ஊட்டம் தரும் நஞ்சு மேலே ஒட்டாமல் கீழே இறங்கி, பிள்ளை வெளியே வரவேண்டிய வாசலை அடைத்துக்கொண்டிருக்கும் என்பது உலமிலாவுக்குத் தெரியும். வாசல் லேசாக நெகிழ்ந்தாலும் அங்கே பிய்ந்து ரத்தம் கொட்டும். அப்படிப்பட்ட பெண்ணை உள்ளே கைவிட்டுச் சோதிக்கக்கூடாது என்றும் தெரியும். படுக்கவைத்தாள். மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை பட்டது. அதுவும் கொஞ்சம்தான், நின்றுவிட்டது. கப்பலுக்கு ஆறு நாள் இருந்தது. கொஞ்சம்தானே, தாங்கும் என்று நினைத்தாள். நான்காம் நாள் மதியம் கராலைனி துணி மடித்துக்கொண்டிருந்தவள் ரத்தம் கொட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். படகில் ஏற்றி, பாறைத்திட்டைத் தாண்டித் திறந்த கடலுக்குள் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளையும் இல்லை.

கராலைனியின் புருஷன் உலமிலாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரும் சொல்லவில்லை. அவள்தான் தன்னைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் கையை அப்படியே வைத்துக்கொண்டு வைசாகேயிடம் சொன்னாள். "நான் எவ்வளவு ரத்தம் பட்டுச்சுன்னு பாத்தேன். எப்பப் பட்டுச்சு, எத்தனை தடவை பட்டுச்சுன்னு பாக்கல."

வைசாகே எழுந்துபோய்ப் பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்றை எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தான். "இனிமே பாரு" என்றான்.

அந்த நோட்டுதான் உலமிலாவின் ஆயுசுக்காரியமாக ஆனது. ஒரு தீவில் இப்படி நஞ்சு இறங்கிய பெண்கள் நாலைந்து வருஷத்துக்கு ஒருத்தி வந்தால் அதிகம். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாது. ஆகவே தினமும் காலை ஏழரை மணிக்கு நடக்கும் ரேடியோ பேச்சில், மருந்துக் கையிருப்பெல்லாம் சொல்லி முடித்த பிறகு, அடுத்தடுத்த தீவுகளின் நர்ஸ்களிடம் கேட்க ஆரம்பித்தாள். உன் ஊரில் யாருக்காவது நஞ்சு கீழே இருக்கா? முதல் தடவை ரத்தம் எந்த வாரம் பட்டது? அப்புறம் எத்தனை தடவை? முன்னாடி ஆப்பரேஷன் ஆனவளா? கடைசியில் சொன்ன தேதிக்கு ஆப்பரேஷன் ஆச்சா, இல்லை அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினார்களா?

மற்ற நர்ஸ்களுக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. "உலமிலா வந்துட்டாடி, எல்லாரும் ரத்தக் கதையைத் தயார் பண்ணுங்க" என்று ரேடியோவிலேயே சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே சொல்லவும் செய்தார்கள். பதினேழு வருஷத்தில் எட்டுத் தீவுகளிலிருந்து நாற்பத்தொரு பெண்கள் நோட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

படித்தவர்கள் செய்வதுபோல் அவள் எதையும் வகுத்துப் பார்க்கவில்லை. திரும்பத் திரும்பப் படித்தாள், அவ்வளவுதான். படிக்கப் படிக்க முகங்கள் பிரிந்து நின்றன. ஐந்தாம் மாத ஸ்கேனில் கீழே இருக்கிறது என்று சொன்ன நஞ்சு, பாதிக்குமேல் கருப்பை வளர வளரத் தானாக மேலே போய்விடுகிறது. போகாமல் நிற்பவர்களிலும், ஒரு சொட்டுக்கூடப் படாதவர்கள் பெரும்பாலும் டாக்டர் குறித்த நாள்வரை பத்திரமாகப் போய்விடுகிறார்கள். ஆனால் ஏழு மாதம் முடிவதற்கு முன்பே பட்டு, பிறகு மறுபடியும் பட்டவர்கள் பதினொரு பேர். அதில் ஒன்பது பேரை அடித்துப் பிடித்து ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. எவ்வளவு பட்டது என்பதை நம்பவே முடியவில்லை.

அவள் கணிப்பு தப்பாமல் இல்லை. தோரிகா என்ற பெண்ணை, நஞ்சு கீழே இருக்கிறது, கொஞ்சம் பட்டுவிட்டது என்று பிடிவாதமாகச் சூவாவுக்கு அனுப்பினாள். அங்கே ஸ்கேன் எடுத்தால் நஞ்சு மேலே ஏறி ஒதுங்கி நிற்கிறது. வந்ததுதான் வந்தாய், இருந்து பெற்றுக்கொண்டு போ என்று உறவினர்கள் பிடித்துவைத்துக்கொண்டார்கள். பத்து வாரம் கழித்து, பிள்ளையைச் சாதாரணமாகப் பெற்று இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பலிலிருந்து இறங்கிய தோரிகா, கரையிலேயே நின்று ஊருக்கெல்லாம் கேட்கும்படி சத்தம்போட்டாள். "எனக்கு ஒண்ணுமே இல்லையாம்! சிஸ்டர் என்னைச் சினிமா பாக்க அனுப்பி வெச்சிருக்காங்க!"

அதுமுதல் யாரையாவது சூவாவுக்குப் போகச் சொன்னால், "என்ன படம் ஓடுது சிஸ்டர்?" என்று கேட்பது ஊர் வழக்கமாகிவிட்டது.

அபிசாயின் மனைவி வசேமதாவுக்கு மூன்றாவது பிள்ளை உண்டானபோது உலமிலாவுக்கு ஐம்பத்தொரு வயது. வசேமதாவுக்கு முப்பத்து மூன்று. கோயில் பாட்டுக்குழுவில் இரண்டாம் குரலைத் தாங்கி நிற்பவள். கூர்வேலை எடுத்துக்கொண்டு பாறைத்திட்டில் இறங்கினால் கணவாய் இல்லாமல் திரும்பமாட்டாள். இரண்டாவது பிள்ளையைச் சூவாவில் ஆப்பரேஷன் செய்துதான் எடுத்திருந்தார்கள். ஜூன் மாதம் அரசுக் கப்பலில் வந்த மருத்துவக் குழு கையடக்க ஸ்கேனை அவள் வயிற்றில் வைத்துப் பார்த்தது. நஞ்சு வாசலை முழுசாக மூடிக்கொண்டு, பழைய தையல் தழும்பின் மேலேயே படர்ந்திருந்தது.

தழும்பில் ஒட்டிய நஞ்சு பிரசவத்தில் பிரியாவிட்டால் ரத்தம் நிற்காது என்பது உலமிலாவுக்குத் தெரியும். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அபிசாயை மட்டும் தனியே கூப்பிட்டாள்.

"கொழுந்தனாரே, இன்னிலேர்ந்து பாயைத் தனியாப் போட்டுக்கணும்."

"எத்தனை நாளைக்கு மதினி?"

"பிள்ளை பொறந்து, நான் சரின்னு சொல்ற வரைக்கும்."

"அதுக்குள்ள நான் போதகரா ஆயிடுவேனே!"

"ஆனா நல்லதுதான். பழைய போதகருக்கும் வயசாகுது."

இருபத்தேழாம் வாரம் முதல் தடவை பட்டது. ஒரு கைக்குட்டை நனையும் அளவு. உலமிலா அவளை நான்கு நாள் நர்ஸ் நிலையத்திலேயே வைத்துக்கொண்டாள். மலைமேல் ஏறினால்தான் கைபேசி பேசும் என்பதால் மேலே ஏறிச் சூவாவில் டாக்டர் ரொனீலிடம் பேசினாள். இளவயதுக்காரர், பொறுமையாகக் கேட்பவர். மறுபடி படாவிட்டால் முப்பத்து நான்காம் வாரம் வரட்டும், பட்டால் உடனே வரட்டும் என்றார். வசேமதா வீட்டுக்குப் போனாள்.

ஆகஸ்டில் சூவாவில் சபை மாநாட்டுப் பாட்டுப்போட்டி. நசேவுக் குழு அந்த வருஷம் தங்களுக்குத்தான் பரிசு என்று முடிவே கட்டிவிட்டிருந்தது. சாயங்காலம் தவறாமல் ஒத்திகை. வசேமதாவை உட்கார்ந்து பாடலாம் என்று உலமிலா அனுமதித்திருந்தாள். குழு முழுக்க ஏறிப்போகிற கப்பலிலேயே அவளும் போவது, பாடுவது, அப்படியே சூவாவில் இருந்துவிடுவது என்று எல்லாரும் பேசிவைத்திருந்தார்கள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வாரம் ஆகியிருக்கும். டாக்டர் சொன்னதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். உலமிலாவும் சரியென்றுதான் நினைத்திருந்தாள்.

அதற்கு முந்தின கப்பல் வருகிற வாரம், திங்கட்கிழமை. அன்று கடல் வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் உள்வாங்குகிற அளவுக்கு உள்வாங்கியிருந்தது. பெண்களெல்லாம் கூடையோடு பாறைத்திட்டில் நின்றார்கள். பத்து நாளாக, இறங்காதே என்று எத்தனை தடவை சொன்னாலும், கரையிலாவது வந்து நின்று அங்கே பார், இங்கே குத்து என்று கத்திக்கொண்டிருந்த வசேமதாவை அன்று காணோம். உலமிலா அவள் வீட்டுக்கு நடந்தாள். உள்ளே தாழம்பாய் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் வசேமதா. பின்னால் கொடியில், அப்போதுதான் துவைத்த லுங்கி சொட்டிக்கொண்டிருந்தது.

உலமிலா ஒன்றும் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்து பாயின் அடுத்த ஓரத்தை எடுத்துத் தானும் பின்னத் தொடங்கினாள். அவள் பின்னல் எப்போதும் கோணல். நாலு விரற்கடை போவதற்குள் வசேமதாவுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, பாயைக் கெடுக்காதீங்க. சொல்லிடறேன்."

"சொல்லு."

"காலைல கொஞ்சம் பட்டுச்சு. போன தடவையைவிடக் கம்மிதான். நின்னுடுச்சு."

"இதுக்கு நடுவுல?"

வசேமதா தலையைக் குனிந்துகொண்டாள். "போன வாரம் ஒருநாள். சொட்டு மாதிரி."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா இந்தக் கப்பல்லயே ஏத்தி விட்டுடுவீங்க. எனக்குக் குழுவோடதான் போகணும். இன்னும் ரெண்டே வாரம் அக்கா. நான் இல்லன்னா அந்த அடுத்த வீட்டுக்காரிதான் ரெண்டாம் குரல் பாடுவா. அவ பாடினா ஆடு கத்துற மாதிரி இருக்கும்."

"ஆடு கத்தட்டும். நீ வெள்ளிக்கிழமை கப்பல்ல போறே."

அன்று மலைமேல் ஏறி டாக்டர் ரொனீலிடம் சொன்னாள். மூன்று தடவை, முதல் தடவை இருபத்தேழில், பழைய தழும்பின் மேல். அவர் கேட்டார். "இப்ப ரத்தம் இருக்கா சிஸ்டர்?" "இல்ல." "எப்ப வரும்னு நெனைக்கிறீங்க?" "நாள் எனக்குத் தெரியாது டாக்டர். வரும்போது அவ கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கக் கூடாது. அது மட்டும் தெரியும்." "ஏத்தி விடுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமைவரை வசேமதாவை நர்ஸ் நிலையத்தின் உள்ளறையில் வைத்துக்கொண்டாள். ரத்தம் மறுபடி பட்டால் கப்பலுக்குக் காத்திருக்க முடியாது, படகில்தான் ஓடவேண்டும். ஆகவே அபிசாயின் படகில் எண்ணெய் நிரப்பிக் கரையில் தயாராக நிறுத்தச் சொன்னாள். அவன் தீவைவிட்டு நகரக் கூடாது, மயக்கம் தரும் கவா வேர்ச்சாறு குடிக்க உட்காரவும் கூடாது என்று உத்தரவு போட்டாள். "பாயும் போச்சு, கவாவும் போச்சு" என்று அவன் ஊரெல்லாம் புலம்பிக்கொண்டு திரிந்தான். ஆனால் படகுப் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

வசேமதாதான் மசியவில்லை. புதன்கிழமை எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ரத்தமே இல்லை, வலியே இல்லை, பிள்ளை உதைக்கிறது, நான் எதற்கு ஒரு மாதம் இரண்டு மாதம் அங்கே போய்ப் படுத்துக் கிடக்கவேண்டும்? இங்கே இரண்டு பிள்ளைகளை யார் பார்ப்பது? அழுதாள். உலமிலா நோட்டைக் காட்டினாள். பதினொரு பேரையும் ஒவ்வொருத்தியாகச் சொன்னாள். வசேமதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தோரிகாவையும் இப்படித்தான் சொல்லி அனுப்பினீங்க. என்ன ஆச்சு?"

உலமிலா நோட்டை மூடினாள். எழுந்து வெளியே வந்து, அண்டை ஊர் செல்லும் பாதையில் நடந்து தோரிகாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். தோரிகா மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"தோரிகா, எனக்கு ஒரு உதவி வேணும். நீ என்னைப் பத்திச் சொன்னதையெல்லாம் வசேமதா நம்பறா. கொஞ்சம் வந்து மாத்திச் சொல்லேன்."

ஒன்பது வருஷமாகக் கேலி பேசிக்கொண்டிருந்த தோரிகா கத்தியைக் கீழே வைத்தாள். உலமிலாவின் கூடவே நடந்து வந்தாள். உள்ளறைக்குள் நுழைந்து வசேமதாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருடி. நான் பத்து வாரம் சூவாவுல கெடந்தேன். ஒண்ணும் ஆகல. எனக்கு என்ன நஷ்டம்? முதுகுவலி, என் நாத்தனார் சமையல், அவ்வளவுதான். திரும்பி வந்து ஒன்பது வருஷமா ஊரைச் சிரிக்க வெச்சிட்டிருக்கேன். கராலைனி என் பெரியம்மா மக. அவளை அனுப்பாம விட்டாங்க. அவ சிரிக்க வெக்க வரல."

வசேமதா திருப்பியிருந்த முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள்.

"ஒண்ணும் ஆகலன்னா வந்து என்கூடச் சேந்து சிஸ்டரைக் கேலி பண்ணு. நானும் தனியா எத்தனை நாளைக்குத்தான் பண்றது?"

வசேமதா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான்கு பேர் அவளைப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் படகில் இறக்கி, கப்பலில் ஏற்றினார்கள். கூடவே அபிசாயின் தங்கையும் போனாள். பாட்டுக்குழு கரையில் நின்று வழியனுப்புப் பாட்டுப் பாடியது. இரண்டாம் குரல் ஆடு கத்துவதுபோலத்தான் இருந்தது.

சூவாவில் ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு வாரம் போயிற்று. பிரசவத்துக்குக் காத்திருப்பவர்களின் கூடத்தில் வசேமதா கட்டிலில் உட்கார்ந்து பட்டாணியும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தாள். மலைமேல் ஏறிக் கைபேசியில் விசாரித்த உலமிலாவைத் திட்டினாள். "அக்கா, அடைகாக்கிற கோழி மாதிரி உக்காந்திருக்கேன். ஒரு பொட்டுக்கூடப் படல. நம்மூர்த் தேங்காப்பால்ல வேகவெச்ச கீரை ஒரு வாய் கெடைக்காம நாக்கு செத்துப்போச்சு. நீங்க வந்து சாப்பிட்டுப் பாருங்க இந்தச் சாப்பாட்டை." ஊரில் அபிசாயும் விடவில்லை: "மதினி, என் பொண்டாட்டி அங்க என்ன படம் பாக்கறாளாம்?"

உலமிலா எல்லாருக்கும் சிரித்துப் பதில் சொன்னாள். வீட்டில் சாப்பிடவில்லை. ஒத்திகை முடிந்து வந்த வைசாகே, அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான்.

"அவளுக்கு ஒண்ணும் ஆகலைங்கறது வருத்தமா?" என்று கேட்டான்.

"சீ! என்ன பேச்சு பேசறீங்க?"

"பின்னே?"

"ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிறேன். ஆகலன்னா, அடுத்து நான் எவளைப் போன்னு சொன்னாலும் எவளும் போகமாட்டா. ரெண்டும் சேந்து மனசை அறுக்குது."

வைசாகே தட்டை எடுத்துவைத்தான். "தோரிகாவை அனுப்பினது தப்புன்னு நெனைக்கிறியா?"

"இல்ல."

"அப்ப சாப்பிடு" என்று தட்டை முன்னால் நகர்த்தினான்.

கப்பலேறிய பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை. உலமிலா குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள். மலைமேல் தேங்காய் பொறுக்கப் போயிருந்த ஒருத்தி ஓடிவந்து, தன் கைபேசியில் சூவாவிலிருந்து டாக்டர் உங்களைக் கேட்கிறார் என்றாள். ஊசியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு உலமிலா ஏறினாள். முழங்கால் தேய்ந்த பெண். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்று, மறுபடி ஏறினாள். மேலே போய்ப் பேசினால் இணைப்பு அறுந்தது. மறுபடி பிடித்தாள்.

"சிஸ்டர், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார் ரொனீல் எடுத்த எடுப்பில். நல்ல மனுஷர், அதை முதலில் சொன்னார். அதற்குப் பிறகுதான் மற்றதைச் சொன்னார். முந்தின நாள் காலை லேசாகப் பட்டிருக்கிறது. குழந்தையின் நுரையீரலுக்கான ஊசியை உடனே போட்டுவிட்டார்கள். இன்று காலை பதினொரு மணிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, வலியில்லாமல், எச்சரிக்கையில்லாமல் கொட்ட ஆரம்பித்துவிட்டது. பதினெட்டு நிமிடத்தில் ஆப்பரேஷன் மேஜையில் இருந்தாள். நஞ்சு தழும்பை விட்டுப் பிரிய மறுத்தது. நான்கு பை ரத்தம் ஏற்றினார்கள். கருப்பையைக் காப்பாற்ற முடிந்தது. பெண் குழந்தை, ஒரு கிலோ எழுநூறு. மூச்சுக்குக் கொஞ்சம் உதவி தேவைப்படுகிறது, ஆனால் கத்துகிறாள்.

உலமிலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கீழே கடலில் பாறைத்திட்டுக்கு அப்பால் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. கராலைனியை இழந்த இடம் அது. கொஞ்ச நேரம் அழுதாள். கைபேசிக்குச் சொந்தக்காரி என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தடவினாள்.

"சிஸ்டர்? சிஸ்டர், இருக்கீங்களா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு உலமிலா கேட்டாள். "இப்ப ரத்தம் எத்தனை பாயின்ட் இருக்கு டாக்டர்?"

கீழே இறங்கி அபிசாயைத் தேடிப் போனாள். அவன் படகுக்கடியில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சுரண்டியைக் கீழே போட்டான். "உயிரோட இருக்காளா?" என்று மட்டும் கேட்டான். ரெண்டு பேரும் என்று அவள் சொன்னதும் அவ்வளவு பெரிய ஆள் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். அன்றைக்கு அவனுக்குக் கேலி எதுவும் வாய்க்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை கப்பலில் குழு கிளம்பியபோது அபிசாயும் ஏறிக்கொண்டான். சனிக்கிழமை காலை துறைமுகத்தில் இறங்கியதும், செலவான நான்கு பைக்குப் பதிலாக ரத்தம் கொடுக்கவேண்டும் என்று உலமிலா எழுதிக்கொடுத்த சீட்டோடு வைசாகே மொத்தக் குழுவையும் நேரே ஆஸ்பத்திரிக்கு நடத்திப்போனான். நான்கு பை கேட்டதற்குப் பதினொரு பேர் கொடுத்தார்கள். திங்கட்கிழமை பாட்டுப்போட்டியில் நசேவுக் குழு ஆறாவதாக வந்தது. ரத்தம் கொடுத்ததால்தான் தோற்றோம் என்று அவர்கள் இன்றுவரை சொல்லிக்கொள்கிறார்கள். ஆறாவது இடத்துக்கே அந்த ஆட்டுக்குரல் லாயக்கில்லை என்பது வசேமதாவின் கட்சி.

குழந்தை எடை போடும்வரை தாயும் பிள்ளையும் ஏழெட்டு வாரம் சூவாவிலேயே இருந்தார்கள். இடையில் உலமிலா ஒரு கூட்டத்துக்காகச் சூவா போனபோது டாக்டர் ரொனீல் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, இரண்டு நாள் வைத்திருந்து படித்தார்.

"சிஸ்டர், பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள்ல நூத்துக்கணக்கான பேரை வெச்சு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்கிறதும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது. சீக்கிரமே படறது, திரும்பத் திரும்பப் படறது, பழைய தழும்பு."

"அவங்களுக்குத் தெரியும்னா எனக்கு ஏன் யாரும் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டாள் உலமிலா. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டாக்டர் நோட்டை மறுபடி புரட்டினார். தோரிகாவைப்போல் சும்மா போய்வந்தவர்கள் எத்தனை பேர் என்று அவர் கேட்டார். "என் கையால ஏத்தி விட்டது மூணு பேர்" என்றாள். "மூணு பேரும் என்னைப் பாத்தா இன்னும் முறைக்கிறாங்க. முறைக்கிறதுக்கு உசுரோட இருக்காங்க இல்ல, அது போதும்."

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல வெயிலில், வசேமதா குழந்தையோடு வந்து இறங்கினாள். கரையில் ஊரே நின்றது. பாய்கள் விரித்திருந்தார்கள். மாமியார் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். உலமிலா குறுக்கே புகுந்து, "யாரும் கொஞ்சக் கூடாது, முதல்ல எடை" என்று சீமைப்பலா மரக்கிளையில் தொங்கவிட்டிருந்த தராசுத் தொட்டிலில் குழந்தையைப் போட்டாள். முள் ஆடி நின்றது. மூன்று கிலோவும் இருநூறும். கூட்டம் ஓவென்று கத்தியது. குழந்தை மிரண்டு அழுதது. உலமிலா எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பேர் என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். கேட்கும்போதே, தன் பெயரைத்தான் வைத்திருப்பார்கள் என்ற நினைப்பு அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஊரும் அப்படித்தான் நினைத்திருந்தது.

வசேமதா கொஞ்சம் தயங்கினாள். "சைனிமேரே."

"அது யாரு?"

"ஆப்பரேஷன் ரூம்ல இருந்த நர்ஸ் அக்கா. சின்னப் பொண்ணு. நான் செத்துடுவேன்னு நெனைச்சேன். அந்தப் பொண்ணுதான் என் கையைப் பிடிச்சுட்டிருந்தா."

அபிசாய்க்கு வாய் திரும்பி வந்துவிட்டது. "பாத்தீங்களா மதினி! நாயா பேயா அலைஞ்சது நீங்க. பேரு எவளுக்கோ!"

கூட்டம் சிரித்தது. உலமிலாவுக்கு ஒரு கணம் முகம் சுண்டியது. அவள் மறைக்கவில்லை, எல்லாரும் பார்த்தார்கள். பிறகு தோளில் கிடந்த தலையைக் கையால் தாங்கிக்கொண்டு வசேமதாவைக் கேட்டாள்.

"நல்லா பிடிச்சிருந்தாளா?"

"விடவே இல்ல அக்கா. மயக்கம் போடுற வரைக்கும்."

"அப்பச் சரி" என்றாள் உலமிலா. "நல்ல பேருதான்." குழந்தையை யாரிடமும் கொடுக்காமல், வெயில் படாதபடி தன் சட்டைத் துணியை இழுத்து மூடிக்கொண்டு, அபிசாயின் வீட்டைப் பார்த்து முன்னால் நடந்தாள்.